நிழலுடலின் எடை

காலை எட்டு மணி மருந்து வேளை என்றால் நர்ஸான எனக்குக் கொண்டாட்டம். பன்னிரண்டு பச்சிளங்குழந்தைகள், பன்னிரண்டு திரைகள். ஒவ்வொரு திரையிலும் அந்தந்தக் குழந்தையின் கணினி நகலான நிழலுடல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். எந்த மருந்தும் முதலில் நிழலுடலுக்குத்தான். அது தாங்கினால் பச்சை விளக்கு, அப்புறம்தான் குழந்தையின் மருந்துக்குழாய் திறக்கும். ஏழு வருடமாக எங்கள் வார்டில் ஒரு தவறு நடந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு, ஒளிப்பானேன்?

முதல் கட்டிலுக்கு நேற்றுச் சாயங்காலம் ஒரு ஆண் குழந்தை வந்திருந்தது. பிறந்து நான்கே நாள், இதயக் கோளாறு. தாய் செண்பகா, கயத்தாறுக்காரி. கட்டிலே எடை பார்த்தது: இரண்டு கிலோ இருநூறு கிராம். அந்த எடைக்கு உருவான நிழலுடல் இதய மருந்தை வாங்கிக்கொண்டு சமர்த்தாகப் பச்சை காட்டியது.

“பாத்தியா, ஒம் மவன் சிங்கக்குட்டி!” என்றேன்.

செண்பகா சிரிக்கவில்லை. “யக்கா, இந்தக் கட்டிலு எப்படி எடை பாக்குது?”

“மேல என்ன கெடக்கோ, அதை அப்படியே நிறுக்கும்.”

“நில்லு!” என்று அலறினாள்.

எங்கள் சட்டம் அது. தாயோ கூட்டிப் பெருக்குபவரோ, யார் சொன்னாலும் அந்த ஒரு சொல்லுக்குக் குழாய் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது.

விரிப்புக்கு அடியிலிருந்து கனத்த பாக்குவெட்டி ஒன்றை உருவினாள். “பச்சப்புள்ள பக்கத்துல இரும்பு இருக்கணும்லாக்கா, இல்லன்னா பயந்துரும்லா...”

“அடிப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நேத்து வேற கட்டில்ல வேப்பிலை வச்ச அம்மாவ அந்த ஏச்சு ஏசுனீயளே!”

புது எடை ஒரு கிலோ எழுநூற்றைம்பது. நிழலுடல் சுருங்கியது. பழைய அளவு மருந்தையே அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். திரையில் அந்தக் குட்டி இதயம் தடுமாறி நின்றேபோனது.

“யம்மா, எல்லாரும் கேளுங்க!” என்று கத்தினேன். “தப்பு எம்மேலதான். யார் எதை ஒளிச்சு வச்சிருந்தாலும் வெளிய எடுங்க. சத்தியமா ஏச மாட்டேன்.”

முதலில் ஏழாம் கட்டில் தாய் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்ன அரிவாளை எடுத்து நீட்டினாள். நான்காம் கட்டிலிலிருந்து பூட்டும் சாவியும் வந்தன. பதினொன்றில் ஓர் இரும்புக் கரண்டி.

திரைகளில் எடை இறங்கியது. மூன்று பச்சை விளக்குகள் சிவந்தன. கடவுளே, நல்லவேளை, அந்த மூன்று பிள்ளைகளுக்கும் இன்னும் மருந்து போகவில்லை!