துவைக்கக் கூடாத சட்டை

"என் புள்ளையோட சட்டை எங்கடி?"

மாமியார் போட்ட சத்தத்தில் பெரிய மருமகளின் கையிலிருந்த டீ தளும்பி விரலைச் சுட்டது. போன வருடம் விபத்தில் போய்ச் சேர்ந்த இளைய மகன் கடைசியாகக் கழற்றிப் போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை அது. துவைக்க விடாமல் தலையணைக்கடியில் வைத்து, மோந்து மோந்து பார்த்துத்தான் கிழவி தூங்குவாள். நேற்று மட்டும் காய்ச்சல் மாத்திரை மயக்கத்தில் தேடவில்லை.

"பழைய துணி விக்கிறேன், இல்லாதவங்களுக்கு உதவுறேன்னு ஊர்ப்பட்ட மூட்டையை இங்க கொண்டுவந்து குவிச்சியே... அதோட என் புள்ளையையும் அள்ளிப் போட்டுட்டியா, பாவி!"

இறந்தவனின் மனைவி சின்னவள் கதவோரம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். நேற்றுக் காலையில் மூட்டை கட்டியது அவள்தான். அந்த முகத்தைப் பார்த்ததுமே பெரியவளுக்கு விளங்கிவிட்டது. புருஷனை முழுங்கினவள் என்று ஏற்கெனவே வாய் ஓயாத ஏச்சு. இதுவும் தெரிந்தால் இன்றே நடுத்தெருதான். போக்கிடம் ஏது அவளுக்கு?

"நான்தான் அத்தை... தெரியாம போட்டுட்டேன்" என்றாள் பெரியவள்.

"அந்தச் சட்டை இல்லாம வீட்டுக்குள்ள கால் வைக்காத!" என்று கத்தினான் அவள் புருஷன்.

ஓடினாள். சமூகக் கூடத்தில் விற்பனை ஆரம்பமாகிவிட்டிருந்தது. கம்பிகளில் தொங்கிய துணிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இல்லை... இங்கேயும் இல்லை... யாராவது வாங்கிப் போயிருந்தால்?

கண்ணாடிக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர் அதே சட்டையை மாட்டிக்கொண்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார்!

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்... கழட்டிக் குடுத்துடுங்க!"

"என்னம்மா, பேய் கீய் பிடிச்ச சட்டையா?" மனுஷர் அலறியடித்துக் கழற்றிக் கொடுத்தார்.

முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை! ஐயோ... யார் வீட்டுத் துணியானாலும் துவைத்து இஸ்திரி போடாமல் கம்பியில் ஏற்றக் கூடாது என்று இந்த விற்பனையில் சட்டம் போட்டவளே அவள்தான். நேற்றே மெஷினில் போட்டு அலசிவிட்டார்கள். சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மாமியார் சட்டையைப் பிடுங்கி முகத்தில் வைத்தாள். எடுக்கவேயில்லை.

சின்னவள் ஓடிவந்து காலில் விழுந்தாள். "அக்கா இல்ல அத்தை, நான்தான் போட்டேன்! ராத்திரியெல்லாம் இதை வச்சுக்கிட்டு நீங்க அழற சத்தம் எனக்குக் கேக்குது... தாங்க முடியல. என்னைக் கொன்னு போடுங்க, அக்காவை விட்டுடுங்க!"

பெரியவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இப்போது அடி விழும் என்று நினைத்தாள்.

அடி விழவில்லை. கிழவி தேம்பும் சத்தம்தான் கேட்டது.

"இதுல அவன் வாசனை போயி மாசக்கணக்காச்சுடி... என் தலை எண்ணெய் நாத்தம்தான் வந்துச்சு. வெளிய சொன்னா நீங்கல்லாம் அவனை மறந்துடுவீங்களோன்னு பயந்து செத்தேன்."

பிறகு பெரியவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ ஏன்டி செய்யாத தப்பைத் தலையில போட்டுக்கிட்ட?"

"இவளை வெளிய அனுப்பிடுவீங்களோன்னு... பயமா இருந்துச்சு அத்தை."

கிழவி இரண்டு மருமகள்களையும் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அவனையே அனுப்பிட்டு நிக்கிறேன்... இனி யாரைடி அனுப்புவேன் நான்?"