மெட்டுகளுக்கு நடுவே பள்ளம்

"அப்பா, இதுல தரையே இல்லையே! விரல் எங்க நிக்கும்?"

ஒலிப்பதிவாளன் ஈரிக்கின் ஆறு வயது மகள் சீனி, ஆர்கன் பதிவுக்குப் போன ஒருநாள் சர்ச்சில் கேட்ட கேள்வி இது. கிடாரின் கழுத்தில் குறுக்கே பதிந்திருக்கும் உலோக மெட்டுகளுக்கு நடுவே இருந்த மரத்தை, ஈரிக் அரத்தால் ராவிப் பள்ளம் பள்ளமாகக் குடைந்திருந்தான். மரத்தில் உரசாவிட்டால் விரல் வேகமாக ஓடும் என்று கிடார் வாசிக்கும் தார்மோ கேட்டுக்கொண்டதால் செய்த வேலை.

"நிக்காதுடி, மிதக்கும். பூ மாதிரி தொடணும்" என்றான் ஈரிக்.

சீனி தன் பலத்தையெல்லாம் திரட்டி அமுக்கினாள். கிடார் வலித்ததுபோல் கீச்சிட்டது. ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த ஹெல்வி சிரித்துவிட்டு, அத்தோடு அதை மறந்தும் போனார்.

அவருக்கு அது நினைவுக்கு வந்தது பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை.

காலை 9.10. ஹெல்வியின் வீட்டுத் தொலைபேசி அலறியது.

"ஆர்கன் அம்மா, உடனே வாங்க. என் ஆல்பத்தை நாசம் பண்ணிட்டான்!" தார்மோவின் குரல்.

ஒலிப்பதிவு ஸ்டூடியோ எதிர்வீடுதான். லாத்தி நகருக்கு வடக்கே உள்ள அந்தச் சிற்றூரின் பழைய பால் பண்ணைக் கட்டடம். முட்டிவலியோடு ஈரிக் அன்றும் வாசல் பனியை ஒரு ஆள் அகலத்துக்குத் தள்ளி வழி செய்திருந்தான். ஹெல்வி காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறைகளோடு உள்ளே போனார்.

நான்கு பேர் இருந்தார்கள். கிடார் தார்மோ, டிரம்ஸ் ஓஸ்மோ, தடித்த தந்திகள் கொண்ட பாஸ் கிடார் ரவுனோ. மூலையில், முகம் வெளுத்து, ஒலிப்பதிவாளன் ஈரிக்.

"காய்ச்சல் தேவலையா, ரவுனோ? நேத்து சர்ச்சுல நீ இல்லாம கூட்டுப்பாட்டுல கீழ்க்குரலே எடுபடல" என்றார் ஹெல்வி.

"தேவலைம்மா." ரவுனோ காபியைக் கலக்கியபடியே இருந்தான்.

தார்மோ டேப்பை ஓடவிட்டான். 'பனிப் பலிபீடம்' என்ற அவர்களுடைய ஹெவி மெட்டல் ஆல்பத்தின் உயிரே அந்தப் பாட்டுதான். கீழே ஹெல்வியின் ஆர்கன். மேலே, முந்நூறு வருடத்துக்கு முந்தைய தேவாலய இசைபோல் படியேறிப் படியிறங்கும் கிடார். வெள்ளிக்கிழமை கேட்டபோது ஓஸ்மோவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்று கிடார் லேசாகத் திரிந்த பால் போல இருந்தது. சுரங்கள் எல்லாம் சரி. ஆனால் பல இடங்களில் ஆர்கனோடு ஒட்டவில்லை.

"வியாழக்கிழமை இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வர்றார். இவன் டேப்பை வேகமா ஓடவிட்டுக் கெடுத்திருக்கான். டேப் மிஷினைத் தொடத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்" என்று தார்மோ ஈரிக்கைக் காட்டினான். "இவனை நம்பி இனி எவனும் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது. நான் விட மாட்டேன்."

"நான் தொடலைடா" என்றான் ஈரிக்.  அவனுக்கு வேறு தொழில் இல்லை.

"சாவி எங்க இருக்கும்?" ஹெல்வி கேட்டார்.

"வாசல் பால்கேன் அடியில. ஊருக்கே தெரியும்" என்றான் ஓஸ்மோ. "திருடனுக்குக் குளிரக் கூடாதுன்னு ஒரு கையுறையும் வெச்சிருக்கோம்."



"இன்னொரு தடவை போடுங்க."

ஹெல்வி கண்ணை மூடிக்கொண்டார். தவறான ஒருவர் பெயர் தன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம். பிறகு கேட்டார்.

"தார்மோ, டேப் வேகமா ஓடினா என் ஆர்கனோட சுருதியும் சேர்ந்து ஏறியிருக்கணுமே? அது அப்படியே இருக்கு."

"அப்ப சுருதி சேர்க்காத கிடார்."

"இல்ல. இப்ப வருது பாரு, விரல் வைக்காம தந்தியை மட்டும் மீட்டுற இடம். அது சுத்தமா ஆர்கனோட சேருது. விரல் வெச்ச சுரம் மட்டும்தான் ஏறுது. இன்னொண்ணு, நீ எதால மீட்டுவ?"

"பிளெக்ட்ரம்தான், இந்தச் சின்ன மீட்டுத் தகடு. எப்பவும்."

"அந்தச் சின்ன 'டிக்' எங்கே? இது வெறும் விரல். தார்மோ, இது உன் வாசிப்பே இல்ல. ஒரே டேப்புல ஆர்கனுக்கு ஒரு தடம், உனக்கு ஒரு தடம். உன் தடத்து மேல வேற யாரோ வாசிச்சிருக்காங்க. உன்னோடது அழிஞ்சு போச்சு."

தார்மோ டேப்பை நிறுத்தினான். தன் சொந்த வாசிப்பு என்றல்லவா நினைத்திருந்தான்!

"அப்ப ஈரிக்கேதான்!"

"பள்ளம் குடைஞ்சவனே அவன்தானேப்பா. பூ மாதிரி தொடணும்னு பிள்ளைக்குச் சொன்னவன் அமுக்குவானா? அடியில மரம் இல்லாத இடத்துல அமுக்கினா தந்தி கீழே இழுபடும், சுரம் மேலே ஏறும். இவ்வளவு பலமா அமுக்குற விரல் தடிச்ச தந்தியில பழகின விரல். பிளெக்ட்ரம் இல்லாம வாசிக்கிற விரல். மூணு வாரமா ஈரிக் பக்கத்துல உக்காந்து மிஷினைப் பார்த்த ஆளோடது." ஹெல்வியின் குரல் தாழ்ந்தது. "நேத்து ஊரே சர்ச்சில இருந்தப்போ, சர்ச்சில இல்லாத ஆளோடது."

அவர் கிடாரை எடுத்து ரவுனோவிடம் நீட்டினார். "ஒரே ஒரு சுரம் வாசி, தம்பி."

ரவுனோ அதை வாங்கவில்லை. கரண்டி கோப்பையில் மோதி நின்றது.

"காலியா இருந்த தடத்துலதான் பதியணும்னு நெனச்சேன். பட்டனை மாத்தி அமுக்கிட்டேன்." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "ஒரு தடவை, ஆர்கனோட சேர்ந்து நான் வாசிச்சா எப்படி இருக்கும்னு கேக்கணும்னு ஆசை. மெட்டல் பாட்டுல பாஸ் சத்தம் யாருக்குக் கேக்குது? அழிஞ்சு போனது தெரிஞ்சதும், யாருக்கும் தெரியாம இருக்கட்டும்னு என்னோடதையே விட்டுட்டேன். காலையில இவனைத் திட்டினப்போ வாய் வரல."

ஈரிக் அவனையே பார்த்தான். "என் முகத்தைப் பார்த்துக்கிட்டேதானேடா காபி குடிச்ச" என்றான். 



"நானே என்னோடதுன்னு நம்புற அளவுக்குக் கத்துக்கிட்டிருக்கான், படுபாவி" என்று முணுமுணுத்தான் தார்மோ. பிறகு, "இன்னிக்கு என் கண்ணுல படாதே. நாளைக்கு ஒன்பது மணிக்கு உன் பாஸைத் தூக்கிட்டு வா" என்றான். ஈரிக்கிடம் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. புதிதாக ஒரு கோப்பை காபி ஊற்றி, ஏலக்காய் ரொட்டியில் பெரிய துண்டையும் வைத்து, அவன் பக்கம் தள்ளினான். ஈரிக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான்.

மாலைக்குள் தார்மோ அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தான். வெள்ளிக்கிழமையதைவிட நன்றாக வந்தது என்று ஹெல்விக்குத் தோன்றியது.

அன்றிரவு விடாமல் பனி கொட்டியது.

செவ்வாய் காலை, ஊர் விழிக்கும் முன், ஜெபத்தில் இருந்த ஹெல்வியின் காதில் எதிர்ப்புறமிருந்து மண்வெட்டிச் சத்தம் விழுந்தது. ஈரிக்கின் கை அல்ல. அவன் இரண்டு வீச்சுக்கு ஒருமுறை முட்டியைத் திட்டுவான். தடித்த தந்தியில் பழகிய இந்தக் கை நிற்கவில்லை. யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்று, பனியை வீசாமல், ஓரத்தில் மெல்லச் சாய்த்தது.

ஹெல்வி எழுந்து ஜன்னலருகே போனார். திரைச்சீலையில் கை வைத்தார். பிறகு, விலகியிருந்த சிறு இடைவெளியையும் இழுத்து மூடிவிட்டு, காபிக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனார்.

எட்டரை மணிக்கு ஈரிக் வந்தபோது, தெருவிலிருந்து ஸ்டூடியோ கதவு வரை, ஒரு வண்டியே போகும் அகலத்துக்கு வழி திறந்து கிடந்தது. மண்வெட்டி அதன் இடத்தில், துடைத்து, சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.