ஒரே ஆளாகப் பதிந்தவர்கள்

காலை ஒன்பது பத்துக்கு வெள்ளைத்துரை வேலைக்கு வந்துவிட்டதாகக் கணினியின் வருகைப் பதிவு காட்டியது. வெள்ளைத்துரை செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

வசுந்தரா திரையைத் துடைத்துப் பார்த்தாள். தூசியைத் துடைத்தால் பெயர் போய்விடுமா என்ன? ஏசிக் காற்றில், பக்கத்து மேசைப் பக்கமிருந்து, அவன் நெற்றியில் எப்போதும் தடவிக்கொள்ளும் தலைவலித் தைலத்தின் காரமான வாசனை மெல்லத் தவழ்ந்து வந்தது; காலியாகக் கிடந்த அவனுடைய சுழல் நாற்காலி, யாரோ சாய்ந்து உட்கார்ந்ததுபோல ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவர்கள் இருவர்தான். வருகைப் பதிவு, மின்னஞ்சல், ரத்தப் பரிசோதனை முடிவுகள், வாசற்கதவின் அட்டை என்று தனித்தனியே கிடந்த எல்லாவற்றையும் ஒரே லாகினுக்குள் கொண்டுவந்தவர்கள். ஓரிடத்தில் உங்களை இன்னார் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற இடங்களில் மறுகேள்வி கிடையாது.

அந்த வசதிதான் வினையானது. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மாதப் பரிசோதனை முடிவுகளை அவள் தவறுதலாக அழித்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் வாடிப்பட்டி அருகே லாரி மோதி, தலையில் அடிபட்டு வெள்ளைத்துரை போய்ச் சேர்ந்தான். எல்லாரும் இழவுக்குப் போயிருந்த நேரத்தில், அவனுடைய கணக்கைத் தன் கணக்கோடு இணைத்தாள். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால் செய்கிற இணைப்பு அது. பிறகு அவன் பெயரில் நுழைந்து, அழித்தது அவன்தான் என்று பதிவைத் திருத்தினாள். செத்தவனுக்கு இனி என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்தாள். வெட்கங்கெட்ட நினைப்பு.

கெட்டுப்போனது அவன் மனைவிக்கு. புருஷன் பார்த்த இடத்தில் தனக்கொரு வேலை கேட்டு வந்த தமிழ்ச்செல்வியை, "உன் வீட்டுக்காரர் பண்ணிட்டுப் போன காரியத்துக்கு வேலை வேறயாம்மா?" என்று மேலாளர் சௌந்தரராஜன் விரட்டிவிட்டார். அவள் நேரே வசுந்தராவிடம் வந்தாள்.

"அக்கா, கூடவே இருந்தவுக நீங்க. அவுக அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றாள் வசுந்தரா, கீபோர்டைப் பார்த்துக்கொண்டே. அன்றிலிருந்து கண்ணாடி பார்த்துத் தலைசீவக்கூட அவளுக்குக் கூசியது.

இப்போது மின்னஞ்சலைத் திறந்தாள். வெள்ளைத்துரையும் திறந்ததாகப் பதிவானது. பரிசோதனைப் பக்கத்துக்குப் போனாள். அவனும் போனான். நொடி பிசகவில்லை. இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

திரை கேட்டது: இருவரில் உயிரோடு இருப்பவர் யார்?

அது அவள் எழுதிய கேள்வி அல்ல. தன் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். ஏற்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். ஏற்கவில்லை. வருகைப் பதிவில் புதிதாக ஒரு வரி விழுந்திருந்தது. வசுந்தரா, வெளியேறிய நேரம் பதினொன்று ஐம்பது.

மணி அப்போது பதினொன்று ஐம்பதுதான். அவள் நாற்காலியில்தான் இருந்தாள்.

மேலாளர் அறை பத்தடி தூரம். போய் உண்மையைச் சொல்லிவிடலாம். எழுந்து இரண்டடி வைத்தாள். சொன்னால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது? வெட்கம் பிடுங்கித் தின்ன, வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து, இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த காவலாளி சுருளி திறந்துவிட்டான்.

"வசுந்தரா மேடத்தப் பாக்க வந்தீகளா? அவுக இப்பத்தேன் கெளம்பிப் போனாக. நீங்க எப்ப உள்ள வந்தீக, அண்ணே?"

அண்ணே. தைலத்தின் காரம் இப்போது அவள் நெற்றியிலிருந்தே வந்தது.

ஓடினாள். ஆட்டோ பிடித்துச் செல்லூரில் இறங்கி, விசைத்தறிகள் தடதடக்கும் சந்துக்குள் அவள் நுழைந்தபோது பன்னிரண்டரை மணி மின்வெட்டு வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. உச்சி வெயில். சத்தமே இல்லை. அவள் வீட்டுக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக்குரல். அம்மாவுடையது. இன்னொன்று, தன்னுடையது.

கூப்பிட வாயெடுத்தாள். வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கதவைத் தட்டினாள்.

அம்மா பாதி திறந்தாள். "யாரு தம்பி?"

பிறந்ததிலிருந்து அம்மா அவளிடம் தமிழில் பேசியதே இல்லை. தமிழ் வெளியாட்களுக்கு.

"அம்மா, நான்தான். அழிச்சது நான்தான்மா. அவர் இல்ல."

"அதெல்லாம் ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க தம்பி. புள்ள சாப்புடுறா."

தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்தாள். உள்ளே, முதுகைக் காட்டி, அவளுடைய சுடிதாரில் ஒரு பெண். அவளுடைய பின்னல். பின்னலின் நுனியிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. அம்மா குனிந்து முந்தானையால் அதைத் துடைத்தாள். பிறகு சௌராஷ்டிரத்தில் ஏதோ செல்லமாகக் கடிந்துகொண்டே, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.