வெறும் வண்டியின் எடை

காலியாக நின்ற வண்டிக்குள் ஆள் இருப்பதாக எடைத் தட்டு சொன்னது. அதுவும் ஒருவர் இருவர் இல்லை, ஒரு கூட்டமே.

பரிசோதனைக்காரப் பெண் வண்டியை மோட்டார் சங்கிலியால் இழுத்துப் பின்னுக்கு இறக்கி, மறுபடி தட்டில் ஏற்றிப் பார்த்தாள். அதே எண். "மெஷின் மக்கர் பண்ணுது சார்" என்றாள் கொட்டாவியோடு. வண்டியை வாங்க வந்திருந்த மருந்துக்கடைக்காரன் காதில் அது ஏறவே இல்லை. அவன் கண் முழுக்க வண்டி மேல்தான். மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார், தாழ்ந்த கூரை, இரண்டே கதவு, இரண்டே இருக்கை. பழைய வண்டி என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போயிருப்பான்.

ஆனால் இதை முதலில் பார்த்தவன் அவன் இல்லை. சகலை பார்த்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், வங்கியில் பெரிய வேலை. இவன் வாடகை வீட்டில் இருந்தபோது சகலை சொந்த வீடு கட்டினான். இவன் கடன் வாங்கி ஒரு வீட்டைக் கட்டி முடித்தபோது, சகலை மேலே மாடி எழுப்பிக்கொண்டிருந்தான். மாமனார் வீட்டுக்குள் காலடி வைத்தால், "வாங்க மாப்ளே, சின்ன மாப்ள எப்ப வர்றாராம்?" என்பதுதான் இவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு. வயிறு எரிந்து எரிந்து, கடையில் விற்க வைத்திருக்கும் வயிற்றெரிச்சல் மாத்திரையில் பாதியை அவனே விழுங்கிக்கொண்டிருந்தான்.

அந்தச் சகலை போன வாரம் இதே வண்டிச் சோதனைக் கொட்டகைக்கு இதே வண்டியைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தான். நேற்று போன் செய்தான்.

"எனக்கு வேணாம் சகலை. நீங்களே எடுத்துக்கோங்க. உங்களுக்குத்தான் அம்சமா இருக்கும்."

குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. பிடித்த பொருளை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவன் சகலை. பந்தியில் அப்பளத்தைக்கூட விடமாட்டான். 'உன்னால் இதையெல்லாம் வாங்க முடியாது' என்று நக்கல் அடிக்கிறான், அவ்வளவுதான், என்று இவன் முடிவு கட்டினான். மனைவி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

"ஒரு வாரமா அவரு தங்கமா இருக்காராம். கோவமே வர்றதில்லையாம். தங்கச்சி சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறா. நீங்களும் இருக்கீங்களே!"

அதனால்தான் இன்று வந்தான். மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்தான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கொட்டகை வாசலில் கிடந்த பெஞ்சில் மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிகூட ஆகவில்லை, மழை மேகத்தால் வெளியே நன்றாக இருட்டிவிட்டது. தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே அரைகுறையாகத்தான் கேட்டது.

பரிசோதனைக்காரப் பெண் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இது இந்த வண்டியோட சோதனை விவரம் சார். ஓனர் மாறவே இல்ல. வாங்கணும்னு வந்தவங்க கொண்டுவந்து செக் பண்ணதுதான் எல்லாமே. இத்தனை பேர் பாத்திருக்காங்க, ஒருத்தர்கூட வாங்கல."

"எஞ்சின் கோளாறா?"

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. எடைதான் இடிக்குது. ஒவ்வொரு தடவையும் வெறும் வண்டி எடை ஒரு ஆள் அளவுக்குக் கூடியிருக்கு. கழட்டிப் பாத்தா உள்ள ஒண்ணுமில்ல. நானா இருந்தா விட்டுடுவேன் சார்."

கடைசி வரியில் சகலையின் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல் இருந்தது. இவளைச் சகலை கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான். இப்படி ஏதாவது சொல்லிப் பயமுறுத்தி எல்லாரையும் விரட்டிவிட்டு, அடிமாட்டு விலைக்கு வண்டியை அள்ளிக்கொண்டு போகத் திட்டம்.

"அவரு உள்ள உக்காந்து பாத்தாரா?"

"எல்லாரும் ஒரு தடவை உக்காந்து பாப்பாங்க. அவரும் உக்காந்தாரு."

"அப்ப நானும் உக்காருறேன்."

கதவைத் திறந்து, குனிந்து, உடம்பை மடக்கி உள்ளே நுழைந்தான். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது, இந்த நிமிடம்தான் யாரோ எழுந்து போனது போல. கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் முழுவதும் அறுந்துபோய், அதுவரை கேட்காத வேறு சத்தங்கள் மெதுவாக எழும்பின; துணி உரசுகிற சத்தம், யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம், முழங்காலைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிற சத்தம். தோல் வாசனைக்கு அடியில் பல பேரின் வியர்வையும் தலை எண்ணெயும் கலந்த, நெரிசலான பேருந்தின் வாடை அடித்தது. அதற்கும் மேலே ஒரு வாசனை. நன்றாகத் தெரிந்த வாசனை. சகலை பூசிக்கொள்ளும் சென்ட்.

இங்கேயும் எனக்கு முன்னால் வந்துவிட்டானா என்றுதான் முதலில் தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முன்கண்ணாடி உள்பக்கமாக ஆவி பிடிக்கத் தொடங்கியது. அவன் மூச்சை அடக்கினான். ஆவி பரவியது. பிடரியில் சூடான காற்று பட்டது. பின்னால் இருக்கையே இல்லை. திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

"சார், இறங்குங்க. எடை பாக்கணும்." அந்தப் பெண்ணின் குரல் எங்கோ தூரத்தில்.

கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். கை எழவில்லை.

கதவு திறந்தது.

ஒருவன் இறங்கினான். அவனுடைய சட்டை. அவனுடைய செருப்பு. உச்சியில் அவன் சீவி மறைக்கிற அதே வழுக்கை. தன் முதுகை அவன் முதன்முறையாகப் பார்த்தான். கதவு சாத்திக்கொண்டது.

கத்தினான். வாய் திறக்கவில்லை.

"தள்ளி உக்காருங்க சகலை." காதோடு ஒட்டி, மூச்சு முட்டிய குரல். "மூச்சு விட எடமில்ல."

இறங்கியவன் நேராக பெஞ்சுக்குப் போனான். மனைவி நிமிர்ந்து பார்த்தாள், முறைப்பாகத்தான். அவன் குனிந்து அவள் தோளில் கை வைத்தான். ஏதோ சொன்னான். அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. எத்தனை வருடங்களாகத் தன் பக்கம் திரும்பாத சிரிப்பு. சகலையின் வீடு, மாடி, வேலை எதைப் பார்த்தும் எரியாத அளவுக்கு அவனுக்கு இப்போது எரிந்தது. அந்தக் கையை வெட்டவேண்டும் போல் இருந்தது. அது அவன் கைதான்.

இருவரும் கிளம்பினார்கள். நாலடி நடந்தவள் ஏதோ நினைவு வந்தவளாக நின்று, வண்டியை நோக்கி வந்தாள். வந்துவிட்டாள். பார்த்துவிட்டாள். கண்ணாடியோடு முகத்தை ஒட்டினாள். அவன் முகத்துக்கு நேராக அவள் முகம். அவன் கண்ணுக்குள் அவள் கண். அவள் பெயரை அவன் உள்ளுக்குள்ளேயே அலறினான்.

அவள் கண்ணாடியில் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, புதுப்பெண் போல ஒருமுறை சிரித்துப் பார்த்துக்கொண்டாள்.