பதினாலாம் கல்லுக்கு அப்பால்

பதினாலாம் கல்லைத் தாண்டியதும் அவள் வண்டியை நிறுத்தினாள். எதிரே கோடு சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது.

அங்கே பெருக்கச் சொல்லி அவள் யாரையும் அனுப்பியிருக்கவில்லை.

கோடு என்றால் தீத்தடுப்புக் கோடு. வெயில் முற்றுவதற்குள் அரசுக் காட்டின் ஓரம் நெடுக ஆறு மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சருகைப் பெருக்கி, வெறும் மண்ணாக்கி வைக்க வேண்டும். எங்கேயாவது தீ கிளம்பினால், அந்த மண் வரைக்கும் வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுபோகும். வனக்காப்பாளரான அவளுடைய எல்லையில் பதினாறு கிலோமீட்டர் கோடு. கேட்டது பன்னிரண்டு ஆட்கள், கொடுத்தது நான்கு. பத்தொன்பது வருட வேலையில் இந்தக் கணக்கு ஒரு தடவைகூட மாறியதில்லை. அவளுடைய முழங்கால்கள்தான் மாறியிருந்தன.

"யாரை அனுப்பின?" என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஒட்டடையைக் கேட்டாள். ஆள் அவ்வளவு உயரம், எந்தக் கூரைக்குள் போனாலும் தலையில் ஒட்டடையோடுதான் வெளியே வருவான். தீக்காவலர்களில் பழைய ஆள் இப்போது அவன் ஒருவன்தான்.

"நான் யாரம்மா அனுப்பறது. இருக்கிற மூணு பேரும் ஏழாங்கல்லுல நிக்கிறாங்க. இங்க வர்றதுக்கு இன்னும் பத்து நாள் ஆகும்."

இரண்டு பக்கமும் காய்ந்து வெளுத்த புல் இடுப்புயரம் நிற்க, நடுவே அந்த மண் பாதை, இப்போதுதான் யாரோ பெருக்கிவிட்டு விளக்குமாற்றைத் தட்டி வைத்துவிட்டுப் போனதுபோல, அரைவட்டம் அரைவட்டமாகக் கீறல்களோடு கண்ணுக்கெட்டிய தூரம்வரை போயிற்று. ஒரு காலடித் தடம்கூட இல்லை. மண்ணிலிருந்து மண்வாசனை வரவில்லை. நனைந்த கரியின் வாசனை வந்தது, தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பைப்போல. எப்போதும் காதைத் துளைக்கும் சில்வண்டுகள் கோட்டின் ஓரத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தன.

ஒட்டடை குனிந்து கீறல்களைப் பார்த்தான். கோட்டுக்குள் காலை வைக்கவில்லை.

"இது இடது கைக்காரன் பெருக்கினதும்மா."

அவளுக்குப் பயம் வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. இரண்டு கிலோமீட்டர் குறைந்தது, அவ்வளவுதான். பக்கத்து எல்லையில் ஆள் மிச்சமிருந்து வந்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கேட்கவில்லை. சாயங்காலம் அலுவலக மேசையில் பதிவேட்டைத் திறந்து, "14 முதல் 16 வரை, முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

போட்ட பிறகுதான் கை கனத்தது. போன வருடமும் இதே வரியை, இதே மேசையில், இதே அசதியோடு எழுதியிருந்தாள். அப்போது அந்த இரண்டு கிலோமீட்டரில் யாரும் ஒரு சருகைக்கூடத் தொட்டிருக்கவில்லை. ஆள் இல்லை, நாள் இல்லை, மேலிடத்திலிருந்து தினமும் இரண்டு தடவை போன். அந்த மூலையில் எந்தக் காலத்திலும் தீ வந்ததில்லை. எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினாள். ஒன்பது நாள் கழித்து அந்த மூலையில்தான் தீ வந்தது. காற்று திரும்பி, அணைக்கப் போன மூன்று பேரைத் தீ சூழ்ந்துகொண்டபோது, அவர்கள் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்கள். பதினாலாம் கல்லுக்கு அப்பால் கோடு பெருக்கப்பட்டிருப்பதாக அதில் சிவப்பு மையில் போட்டிருந்தது. வெறும் மண்ணில் போய் நின்றால் தப்பிக்கலாம் என்று அங்கே ஓடினார்கள்.

முழங்கால் ஆழச் சருகில் மூன்று பேரையும் கண்டெடுத்தார்கள். ஊரே சித்தப்பா என்று கூப்பிட்ட தலைக்காவலர், எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற ஊமைச்சாமி, புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளை. அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்ததால் ஒட்டடை தப்பித்தான். விசாரணையில் காற்றின்மேல் பழியைப் போட்டார்கள்.

சித்தப்பா இடது கைக்காரர்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, கோடு பதினாறாம் கல்லோடு நிற்கவில்லை. வரைபடத்தில் இல்லாத பக்கம் திரும்பி, புதர்களுக்கு நடுவே, கயிறு பிடித்ததுபோல நேராக இறங்கியிருந்தது. புதன்கிழமை மேடு ஏறியிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவள் தன் குடியிருப்பின் கொல்லைக் கதவைத் திறந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நூறடி தூரத்தில், அந்த வெறும் மண் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

குடியிருப்பு என்பது முன்னறையில் அலுவலகமும் பின்னால் இரண்டு அறைகளுமாகக் காட்டோரம் தனியாக நிற்கும் ஓட்டுக் கட்டிடம். அதில் அவளும் அவளுடைய அக்காவும் இருந்தார்கள். அக்கா கணவர் போன பிறகு இங்கே வந்தவள். காலில் நீர், வாயில் குறைவில்லை.

"உன் ஆளுங்க தங்கமானவங்கடி" என்றாள் அக்கா, காய் நறுக்கிக்கொண்டே. "நேத்து வெயில் தாழ வந்தாங்க. மூணு பேர். தலையைத் தூக்காம பெருக்கிட்டே இருந்தாங்க. தண்ணி வேணுமாப்பான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மூஞ்சியப் பார்த்தியா?"

"எங்க பார்க்கறது. ஒரே கரி. அடுப்புக்குள்ள தலைய விட்டுட்டு வந்தவனுங்க மாதிரி இருந்தானுங்க. ஏன், சம்பளம் குடுக்கலையா நீ?"

அக்கா சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரேஞ்சருக்குப் போன் போட்டாள். பத்து மாதமாக நாக்கின் அடியில் வைத்திருந்ததை, குசலம்கூட விசாரிக்காமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

"சார், போன வருஷம் அந்த ரெண்டு கிலோமீட்டரை நான் பெருக்கவே இல்ல. முடிஞ்சதுன்னு எழுதிட்டேன்."

மறுமுனையில் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தெரியும்மா" என்றார் ரேஞ்சர்.

"தெரியுமா?"

"எரிஞ்ச இடத்தைப் பார்த்தா தெரியாதா? காத்துன்னு எழுதியாச்சு, ஃபைலை மூடியாச்சு. நீயும் எத்தனைன்னுதான் பார்ப்ப. இப்ப எதுக்கு அதைப் போட்டுக் கிளறிக்கிட்டு?"

"இப்ப அந்தக் கோட்டை யாரோ பெருக்குறாங்க சார். எங்க வீடு வரைக்கும் வந்துட்டாங்க."

"நல்லதுதானே. பெருக்கட்டும்" என்றார். அவர் குரலிலும் அசதிதான் இருந்தது. "ரெண்டு நாள் லீவு போடும்மா. தூங்கு."

போனை வைத்த பிறகும் காதில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. சர்... சர்... என்று, அவசரமில்லாமல், சீராக, வறண்ட தரையில் குச்சி விளக்குமாறு உரசும் சத்தம். வீட்டின் வடக்கிலிருந்து கிழக்குக்கு நகர்ந்தது. அவள் ஜன்னலுக்குப் போகும்போதெல்லாம் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் தொடங்கியது. பொழுது சாய்கிறவரை அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு எழவும் தெம்பில்லாமல் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஒட்டடை தேடி வந்தான். வாசலுக்கு வராமல் தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். அவள் போனாள். சாலை வீட்டுக்குத் திரும்பும் இடத்தில், தார்மேல்கூட ஒரு சருகு இல்லாமல், கோடு குறுக்கே போயிருந்தது.

"சுத்திப் பார்த்துட்டு வந்தேன்" என்றான் மெதுவாக. "தொட்டிக்குப் பின்னால ஆரம்பிச்சு இங்க வந்து முட்டுது. முழு வட்டம். நடுவுல உங்க வீடு."

"வீட்டைக் காப்பாத்தப் போட்டிருப்பாங்க" என்றாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது.

"குப்பையைப் பாருங்கம்மா."

பார்த்தாள். கோடு பெருக்கும்போது சருகை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். காப்பாற்ற வேண்டிய பக்கத்தில் ஒரு துரும்பு இருக்கக் கூடாது. எரியப்போகிற பக்கம்தான் தள்ள வேண்டும்.

காட்டுப் பக்கம் துடைத்ததுபோலக் கிடந்தது. அத்தனை சருகும் உள்பக்கம். கோட்டிலிருந்து வீட்டுச் சுவர்வரை மெத்தைபோலப் பரப்பியிருந்தது. ஜன்னலுக்கடியில் இடுப்புயரம் குவிந்திருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

அவள் ஓடினாள். அக்காவைக் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"ஒட்டடையோட வண்டியில ஏறு. அவன் வீட்டுல இரு. நான் பின்னாலயே வரேன்."

"அடுப்புல குழம்பு இருக்குடி."

"அணைச்சிட்டேன். ஏறுக்கா."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் செருப்பைத் தேடினாள். காலில் நீரோடு அந்தச் சருகுக்குள் நடக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. கோட்டைத் தாண்டி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் திரும்பி, "சீக்கிரம் வா, என்ன" என்றாள். வண்டியின் சத்தம் சாலையில் தேய்ந்து கரைந்தது.

அப்போதே அவளும் போயிருக்கலாம். சாவி இடுப்பில் இருந்தது, வண்டி வாசலில் நின்றது. ஆனால் பதிவேடு உள்ளே இருந்தது. யார் எதை மூடினாலும் அந்த வரி அவள் எழுதியது. இன்றைக்கு அடிக்காவிட்டால் என்றைக்கும் அடிக்க மாட்டாள் என்று அவளுக்குத் தன்னைப்பற்றித் தெரியும். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். உள்ளே போய்ப் போன வருடத்துப் பக்கத்தைத் திறந்தாள். "முடிந்தது" என்பதன்மேல் கோடு கிழித்து, "பெருக்கவில்லை. பொய் எழுதினேன்" என்று எழுதினாள். திங்கட்கிழமை எழுதியதையும் அடித்தாள். "இதைச் செய்தது நாங்கள் இல்லை." கையெழுத்து. தேதி. பேனாவை மூடியபோது நெஞ்சு லேசாக இருந்தது. பத்து மாதத்தில் முதல் தடவை. அசதி மட்டும் அப்படியே இருந்தது.

பெருக்கும் சத்தம் நின்றிருந்தது.

வாசலுக்கு வந்தாள். காற்று அடங்கியிருந்தது. ஒரு இலைகூட ஆடவில்லை. வானத்தில் கொஞ்சம் வெளிச்சம், தரையில் இல்லை.

கோட்டின்மேல் அவர்கள் நின்றார்கள்.

சாலை முனையில் ஒருவர். தொட்டிப் பக்கம் ஒருவர். கிழக்கே புதரை ஒட்டி ஒருவர். கையில் பச்சைத் தழை. பொறி காட்டுப் பக்கம் பறந்தால் அடித்து அணைக்க. வேலை தெரிந்தவர்கள் நிற்கிற மாதிரி நின்றார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. தோள்களை அடையாளம் தெரிந்தது. சித்தப்பாவின் சரிந்த இடது தோள்.

"சித்தப்பா" என்றாள். "எழுதிட்டேன் சித்தப்பா. உண்மையை எழுதிட்டேன்."

யாரும் அசையவில்லை.

வண்டியை நோக்கி நடந்தாள். சருகு முழங்காலைத் தொட்டது. இன்னும் ஒரு அடி. தொடை. சக்கரங்கள் அதற்குள் புதைந்து கிடந்தன. காலை உருவ முடியவில்லை. நின்றாள். மூச்சு வாங்கியது. எங்கும் கரி வாசனை.

அப்போது சாலை முனையிலிருந்து குரல் வந்தது. வறண்ட, உள்ளே ஈரமே இல்லாத குரல்.

"ஒண்ணு."

அவளுக்குப் புரிந்தது. கோட்டுக்குள் ஒதுக்கிய சருகைத் தாங்களே எரித்துவிடுகிற நாட்களில், கொளுத்துவதற்கு முன் ஆள் எண்ணுவார்கள். கோட்டுக்கு உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அவரவர் எண்ணை அவரவர் வெளியே நின்று சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் தீ வைக்கக் கூடாது.

"ரெண்டு." தொட்டிப் பக்கமிருந்து. ஊமைச்சாமிக்கு இப்படி ஒரு குரல் இருந்ததை அவள் கேட்டதே இல்லை.

"மூணு."

பிறகு அமைதி. காத்திருந்தார்கள். மூன்று தலையும் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. கடைசி எண் எப்போதும் வனக்காப்பாளருடையது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சொல்லாதவரை கொளுத்த மாட்டார்கள். சித்தப்பா முறை தவற மாட்டார். ஒருநாளும் தவறியதில்லை. இப்படியே விடியும்வரை நிற்கலாம். நிற்க முடியும்.

காட்டுப் பக்கமிருந்து, கோட்டுக்கு வெளியே, இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சொன்னது.

"நாலு."

அது அவளுடைய குரல். அதே அசதி. அதே அவசரம்.

"உள்ள யாரும் இல்ல. கொளுத்துங்க."

மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.