உள்ளே என்று ஒரு கணினி

வர வேண்டிய பிழைச் செய்தி வரவில்லை. முதலில் உறுத்தியது அதுதான்.

சனிக்கிழமை மதியம். ஏசியை நிறுத்தியிருந்ததால் மேல்மாடி முழுக்கப் பழைய கம்பளமும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த புழுங்கல் வாடை அடித்தது. ஜன்னல் திரைகளின் இடுக்கில் நுழைந்த வெயில், காலி நாற்காலிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. பழைய சர்வருக்கு ஒரு அப்டேட் இறக்க அவள் மட்டும் வந்திருந்தாள். அலுவலகத்திலிருந்து இணையத்துக்குப் போகிற எதுவும் பிராக்ஸி என்ற இடைக் கணினியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கு லாகினும் பாஸ்வேர்டும் வேண்டும். அந்த சர்வருக்கு ஒருவன் பெயரில்தான் அனுமதி இருந்தது. எல்லோரும் ஒல்லி என்று கூப்பிட்டவன்.

"அவன் லாகின இன்னும் எடுக்கலயா சார்?" என்று காலையில் மேனேஜரிடம் போனில் கேட்டிருந்தாள்.

"எடுத்தா சர்வர் படுத்துடும்மா. போனவன் பேர்லயாவது வேலை நடக்கட்டும். பாஸ்வேர்ட் உன்கிட்ட இருக்குமே?"

இருந்தது. "மறந்தா உங்களைத்தான் கேப்பேன்க்கா" என்று ஒல்லியே அவள் டைரியில் எழுதித் தந்தது. மழை, ஒரு @, உள்ளே, ஒரு #, ஒரு 9. எல்லாம் ஆங்கில எழுத்தில். தன் இருக்கைக்கு மேல் கூரை ஒழுகியதைக் கிண்டல் செய்து வைத்த பாஸ்வேர்ட்.

அதே லாகினில்தான் ஒரு நாள் அவள் ஒரு கட்டளையைத் தப்பாகத் தட்டி, வாடிக்கையாளர் கோப்புகளை மொத்தமாக அழித்தாள். விசாரணையில் அவன், "அக்காவுக்குத் தெரியும், கேளுங்க" என்றான். அக்கா மேசையைப் பார்த்தபடி, தெரியாது என்றாள். வேலை போன நாற்பதாம் நாள் அவனும் போனான். எப்படி என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் பதவி உயர்வு.

கருப்புத் திரையில், லாகின், பாஸ்வேர்ட், பிராக்ஸியின் பெயர் எல்லாம் சேர்ந்து வரும் வரியை அவசரத்தில் அப்படியே தட்டிவிட்டாள். பிறகுதான் உறைத்தது. பாஸ்வேர்டுக்குள் வரும் @-ஐ %40 என்றும் #-ஐ %23 என்றும் மாற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் @-க்குப் பின்னால் இருப்பதைப் போக வேண்டிய கணினியின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். #-இல் தொடங்கி மீதியை விட்டுவிடும். ஆக, அது தேடிப் போனது 'உள்ளே' என்ற கணினியை. அப்படி ஒன்று கிடையாது. கிடையாது என்று திரை சொல்ல வேண்டும்.

இணைப்பு கிடைத்தது என்றது திரை.

மாற்றி எழுதினாள். அப்டேட் ஒழுங்காக இறங்கியது. அத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அந்தப் பெயருள்ள கணினி எங்கே இருக்கிறது என்று நெட்வொர்க்கில் தேடினாள். இதே மாடி. பதினாலாம் நம்பர் மேசை.

ஒல்லியின் மேசை.

மூன்று வரிசை தள்ளி. நடந்தாள். மேசைமேல் எதுவும் இல்லை, தூசியைத் தவிர. குனிந்தாள். சுவரிலிருந்த நெட்வொர்க் சாக்கெட்டில் பச்சை விளக்கு மினுக்கியது, யாரோ மெதுவாக மூச்சு விடுவதுபோல. அதிலிருந்து புறப்பட்ட நீலக் கேபிள், பாதி திறந்த கீழ் இழுப்பறைக்குள் போயிருந்தது. இழுப்பறைக்குள் இருட்டு.

மேனேஜரை அழைத்தாள்.

"பதினாலுல மெஷின் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?"

"அங்க என்ன இருக்கு? எல்லாத்தையும் அன்னிக்கே தூக்கியாச்சே."

"சார், அந்த ஃபைலெல்லாம் அழிச்சது அவன் இல்ல. நான்."



"தெரியும்மா," என்றார் மேனேஜர். "இப்ப எதுக்கு அது? வேலையப் பாரு." போனை வைத்துவிட்டார்.

அவள் சுவரிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள்.

சாக்கெட்டில் பச்சை விளக்கு அணையவில்லை.

முனை அவள் உள்ளங்கையில். வெதுவெதுப்பாக. கேபிள் மெல்ல இறுகியது. இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு இழுப்பு. லேசாக. ஒரே ஒரு முறை. சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் கூப்பிடுவதுபோல.

விரல்களை விரித்தாள்.

கேபிள் விழவில்லை. விறைப்பாக, நேராக, அவள் கைக்கு எதிரே நின்றது.