தீப்ஸின் பசு

தினமும் காலையில் நடக்கத் தொடங்குமுன் நாங்கள் தீப்ஸ் நகரம் பிறந்த கதையைக் கேட்டாக வேண்டும். அது குடியேற்றச் சட்டம். வாசிப்பவர் எங்கள் கூட்டத்தின் பதிவாளர் அருளப்பண்ணன். கிரேக்கத்தில் காட்மஸ் என்பவன் காணாமல் போன தங்கையைத் தேடி அலைந்து, டெல்ஃபி கோயிலில் குறி கேட்டானாம். தங்கையை விடு, ஒரு பசுவின் பின்னால் போ, அது படுக்கும் இடத்தில் நகரம் கட்டு என்றார்களாம். நாற்பத்தோராவது நாளும் அதையே கேட்டபோது எனக்கு அந்தக் காட்மஸை அறையலாம் போலிருந்தது.

தூத்துக்குடியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, இடத்துக்காக மனிதர்கள் வெட்டிக்கொண்டு செத்தார்கள். அதனால் இடம் பார்க்கும் வேலையை லஞ்சம் வாங்காத ஒரு ஜீவனிடம் விட்டார்கள். எங்கள் கூட்டம் பின்தொடர்ந்த அந்த வழிப்பசு ஆய்வகத்தில் பிறந்தது. நின்றபடியே தூங்கும். குளம்பில் பதித்த நீருணரி, அதாவது வாட்டர் சென்ஸார், நிலத்தடி நீரைக் கண்டால் மட்டுமே பசு படுக்கும். படுத்த இடம் ஊர். ஊர் என்று அறிவித்தால்தான் மருத்துவ ட்ரோன் வரும். பதிவு முடிந்துவிட்டால் இருபது வருடம் யாரும் இடம் மாறக்கூடாது.

என் மகள் இனிகாவுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். கைவண்டியில் கிடந்தாள். முந்தின நாளிலிருந்து அவளுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை.

பசுவுக்குத் தீனி வைப்பது என் வேலை. குளம்பில் முள் எடுக்கும்போது கொடுக்கிற மயக்க மாத்திரைகளும் என் பையில்தான் இருந்தன. அன்று காலை நான்கைத் தவிட்டு உருண்டையில் வைத்துக் கொடுத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

பத்து மணிக்கு ஒரு பொட்டலில் பசு காலை மடக்கிப் படுத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மண்ணைத் தொட்டு அழுதார்கள். அருளப்பண்ணன் ஊர் என்று அறிவித்துச் செய்தி அனுப்பினார். மதியத்துக்குள் ட்ரோன் வந்து இனிகாவின் கையில் ஊசியைச் செருகியது. “மூன்று நாள் மருந்து ஏற வேண்டும். பிழைத்துக்கொள்வாள்” என்றது அதன் குரல்.

காட்மஸ் தன் பசுவைப் பலி கொடுத்தான். நாங்கள் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுவோம். நான்கு மணிக்குப் பசு எழுந்து, உடம்பை உதறிவிட்டு, மேற்கே நடக்க ஆரம்பித்தது.

அருளப்பண்ணன் என்னிடம் வந்தார். “பிரகாசி, தண்ணியக் கண்டு படுத்த மாடு எதுக்கு எந்திரிச்சுப் போவுது?”

நான் இனிகாவின் போர்வையை இழுத்துவிட்டேன்.

“ஆறு மணிக்குப் பதிவு முடிஞ்சிரும். தப்புன்னா அதுக்குள்ள சொல்லிரலாம், அது பின்னாலயே போயிரலாம். ட்ரோன் திரும்பிப் போயிரும், அவ்வளவுதான். ஊரு பொறந்த கதைய நான் எழுதணும். நீதான் பக்கத்துல நின்ன. தானாவா படுத்துச்சு?”

கைவண்டியில் இனிகா கண்ணைத் திறந்து, “அம்மா” என்றாள்.

“தானாத்தான் படுத்துச்சு, அண்ணே.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பசு மேட்டைத் தாண்டி மறைந்தது. இந்தப் பக்கம் பொட்டலில் எங்கள் ஆட்கள் கிணற்றுக்கு இடம் அளந்து, பாட்டுப் பாடிக்கொண்டே தோண்டத் தொடங்கியிருந்தார்கள். நானும் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் நின்றேன்.